மாறாத கட்டங்கள்

வலது ஓரத்தில் ஒன்பது கட்டங்கள் கறுத்திருக்கின்றன, அவ்வளவுதான், ஒன்பது கட்டங்கள் கறுத்தால் அது ஈரம் ஊறிய மரமாக இருக்கலாம், லென்ஸ் மேல் வழியாமல் நிற்கிற மழைத்துளியாக இருக்கலாம், ஆனால் முந்தின படத்தில் அதே ஒன்பதும் வெளிறிக் கிடந்தன, இரண்டு நிமிஷத்தில் மரம் முளைக்காது, மழைத்துளிக்கு இப்படி ஒரு முதுகு வளைவு கிடையாது, அது யானைதான், இருபது மாசமாக இந்தப் படங்களையே பார்த்துக்கொண்டிருக்கிற உனக்கு யானை தெரியாதா தவமணி, தெரிகிறது. மணி பத்து பன்னிரண்டு. வால்பாறைக்கு மேலே ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியின் பழைய மருந்து அறை, ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவை மூடிக்கொண்டு பனி ஏறி வருகிறது, நான் லேப்டாப் முன்னால் சுளுக்கிய கணுக்காலை ஒரு ஸ்டூல் மேல் நீட்டிப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன், திரையில் பதினாறுக்குப் பதினாறு, இருநூற்று ஐம்பத்தாறு சாம்பல் நிறக் கட்டங்கள், இங்கிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி ஓடைக்கரை மரத்தில் கட்டியிருக்கிற ஏழாம் நம்பர் பெட்டி அனுப்பியது. கறுப்பு ஒன்பதுக்கு இடது பக்கம், இரண்டு கட்ட அகலம் மூன்று கட்ட உயரம், மொத்தம் ஆறு கட்டத்தில் என் வீட்டுக்காரர் நிற்கிறார். அவரை ஒட்டி நிற்பது எஸ்டேட் காவல்காரர் இருளாண்டி. யானைக்கும் இவர்களுக்கும் நடுவில் எத்தனை கட்டம் என்று எண்ணுகிறேன், நான்கு, மறுபடி எண்ணுகிறேன், நான்குதான், ஒரு கட்டத்துக்கு இரண்டடி என்று வைத்தால் எட்டடி, ஆனால் கட்டத்துக்கு முன்பின் தெரியாது, அது அவருக்கு நேராக நிற்கிறதா, இருபதடி பின்னாலா, படத்தில் எல்லாம் ஒரே தட்டைச் சாம்பல்.

அவர் போயிருக்கவே வேண்டாம். நான் போயிருக்க வேண்டிய வேலை, முந்தாநாள் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் பாசி வழுக்காமல் இருந்திருந்தால் நான்தான் போயிருப்பேன், நேற்றைக்கே போய் மாற்றிவிட்டு வந்திருப்பேன், நேற்று இவ்வளவு பனிகூட இல்லை. ஏழாம் நம்பரின் பேட்டரி இறங்கிவிட்டது, அடுத்த வாரம் பிஎச்டி ரிவ்யூ, ஏழு செத்தால் ஓடைக்கரைப் படம் மொத்தமும் போச்சு என்று போன வாரம் முழுக்கப் பொள்ளாச்சி வீட்டில் புலம்பியது நான், அவர் டிப்போவில் மூன்று நாள் லீவு சொல்லிவிட்டு என்னோடு மலையேறி வந்தார், பதினாலு வருஷம் இந்த நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் பஸ் ஓட்டிய மனுஷன் இந்தத் தடவை ஜன்னலோரத்தில் உட்கார்ந்து டிரைவரின் ஒவ்வொரு கியருக்கும் தன் காலை அமுக்கிக்கொண்டே வந்தார். காலையில் புது பேட்டரியை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். "இதா? தீப்பெட்டியாட்ட இருக்குது. லாரி பேட்டரியே ஒத்தக் கையில தூக்கி மாத்தியிருக்கறேன்." நான் சொன்னேன், "செகப்பு ஒயர், கறுப்பு ஒயர் பாத்து மாட்டணுமுங்க, மாத்தி மாட்டினா பெட்டியே போயிரும்." அதற்கு அவர், "ஏம்புள்ள, இருபத்தாறு வருசமா செகப்புக்கு நிக்கறேன், பச்சைக்குப் போறேன், எனக்குக் கலரு தெரியாதா?" என்றார், இருளாண்டி சிரித்தார், நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அட்டைக்கடிக்கு மூக்குப்பொடி கொடுத்தேன், அவர் அதைக் கணுக்காலில் தடவாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், போகும்போது நீலக் கட்டம் போட்ட துண்டைத் தலையில் கட்டினார், "வந்தர்றோம்" என்றார். நான் ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றேன். முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். என்ன பெரிய வேலை அப்போது, ஒன்றாம் நம்பரில் குரங்கு வந்திருந்தது, ஒரு குரங்கு.

மணி பத்து பதினாலு. ஏழாம் நம்பரிலிருந்து ஒரே ஒரு எண் வருகிறது, பூஜ்யம், அதற்கு அர்த்தம் நான் வைத்ததுதான், "உயிரோடு இருக்கிறேன், எதுவும் மாறவில்லை." பெட்டி உயிரோடு இருக்கிறது என்றுதான் அர்த்தம், அவர் என்று இல்லை. இந்தப் பெட்டிகளுக்கு ஒயரும் கிடையாது, ஓடைக்கரையில் செல்போன் டவரும் கிடையாது, ஏழு ஐந்திடம் சொல்லும், ஐந்து இரண்டிடம் சொல்லும், இரண்டு இந்தக் கூரைமேல் கம்பிக்குச் சொல்லும், யானை தேயிலைக்குள் இறங்கினால் தொழிலாளர்களின் லைன் வீடுகளின் முன்னால் சிவப்பு விளக்கு எரியும், ஜனங்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள், அதற்காகத்தான் எல்லாம். ரேடியோவில் ஒரு எழுத்து அனுப்புகிற கரண்டில் உள்ளேயே ஆயிரம் கூட்டல் போட்டுவிடலாம், அதனால் நிறைய யோசி, கொஞ்சமாகப் பேசு, இதுதான் என் ஆராய்ச்சி, நான்கு வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். அவருக்குச் சொன்னபோது, "இதத்தானே நாம மிஸ்டு கால்ல பண்ணுனோம்" என்றார். கல்யாணமான புதுசு, ஆளுக்கொரு செங்கல் மாதிரி செல்போன், பேசினால் காசு போகிறது, மேலே ஏறியாகிவிட்டது என்றால் ஒரு ரிங் அடித்து வைத்துவிடுவார், ராத்திரி வால்பாறையில் தங்கல் என்றால் இரண்டு ரிங், ஒரு நாள் மத்தியானம் மூன்று ரிங் வந்தது, எங்கள் ஒப்பந்தத்தில் மூன்று கிடையாது, நான் பதறிப்போய் வகுப்பிலிருந்து வெளியே ஓடிவந்து திரும்பக் கூப்பிட்டேன், "ஏனுங்க, என்னாச்சு?" எதிர்ப்பக்கம் டீக்கடைச் சத்தம். "ஒண்ணுமில்ல. சும்மா." அந்தச் சும்மாவுக்காகப் பிறகு எத்தனையோ மத்தியானம் காத்திருந்திருக்கிறேன், டயோடு டிரான்ஸிஸ்டர் என்று பாலிடெக்னிக் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே மேஜை டிராயருக்குள் போன் மூன்று தரம் நடுங்குகிறதா என்று காது கொடுத்துக்கொண்டு.

பத்து பதினாறு, பூஜ்யம். பத்து பதினெட்டு, பூஜ்யம். திரையில் அதே படம், அதே ஒன்பது, அதே ஆறு. மாறாததைச் சொல்லாதே. இந்த விதியை நான் எழுதியபோது என் கைடு மேஜையைத் தட்டினார், "மாறாததைப் பத்திப் பேசறதுக்கு எதுக்கும்மா பேட்டரிய எரிக்கணும்? அருமை." முந்தின படத்தோடு ஒப்பிட்டு எந்தக் கட்டம் மாறியிருக்கிறதோ அதை மட்டும் அனுப்பு, மற்றதெல்லாம் பழையதே, இங்கே அதை அப்படியே வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் அவர் நகரவில்லை, யானையும் நகரவில்லை, இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், நல்லது, நிற்பதுதான் நல்லது, ஓடக் கூடாது என்று இருளாண்டி சொல்லியிருப்பார். இல்லை. இரு. மாறியதா மாறவில்லையா என்று பெட்டி எப்படித் தீர்மானிக்கிறது, ஒரு அளவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் மாற்றம், அதற்குக் கீழே என்றால் இலை அசைவு, சும்மா விடு, அந்த அளவு பதினெட்டு, அதைப் போன வாரம் பேட்டரி மிச்சம் பிடிக்க முப்பதுக்கு ஏற்றியது யார், நீ. பனி இறங்கினால் கறுப்பும் வெளுப்பும் ஒன்றோடொன்று கரைந்துவிடும், மனுஷனுக்கும் பின்னாலிருக்கிற புதருக்கும் வித்தியாசம் இருபதுகூட இருக்காது, அவர் நின்றாலும் பூஜ்யம், விழுந்து கிடந்தாலும் பூஜ்யம், அந்த இடத்தில் அவரே இல்லாமல் போனாலும் பூஜ்யம், அந்தப் பெட்டி என்னிடம் வந்து பூஜ்யம் பூஜ்யம் என்று சொல்லிக்கொண்டே இருக்கும், நான் பத்து நிமிஷத்துக்கு முந்தின அவரைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

"டீச்சர், காப்பி ஆறிப்போச்சு." ரோசலின் சிஸ்டர். இந்த ஆஸ்பத்திரிக்கு இருக்கிற ஒரே நர்ஸ், என் காலுக்குக் கட்டுப் போட்டதும் அவர்தான், டம்ளரைக் கையிலெடுத்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறார். "என்ன டீச்சர்?" நான் திரையில் விரல் வைத்துக் காட்டுகிறேன், இது அவர், இது இருளாண்டி, இது ஆனை. சிஸ்டர் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக் குனிந்து பார்க்கிறார். "எனக்கு ஒண்ணும் தெரியலியே, சிமெண்ட் தரையாட்டம்ல இருக்கு." பிறகு குரல் இறங்குகிறது. "நெசமாத்தான் சொல்றீங்களா?" வெளியே ஓடி எஸ்டேட் ஆபீஸுக்குப் போன் போடுகிறார், கதவுக்கு அந்தப் பக்கம் அவர் குரல் ஏறி ஏறி இறங்குவது கேட்கிறது, உள்ளே வருகிறார். "ஃபாரஸ்ட்காரங்க கீழ் டிவிஷன்ல இருக்காங்களாம், வந்து சேர முக்கா மணி நேரம் ஆவும்ங்கிறாங்க. பயப்படாதீங்க டீச்சர், இருளாண்டி அண்ணன் கூட இருக்காருல்ல, ஆனைய மணத்த வச்சே சொல்லிருவாரு." மணத்தை வைத்துச் சொல்வார் என்றால் ஏன் இன்றைக்குச் சொல்லவில்லை, காற்று அந்தப் பக்கம் அடித்திருக்கும், மழை மணத்தை அடக்கியிருக்கும், காரணம் எல்லாவற்றுக்கும் இருக்கிறது, நான் காரணங்களைத் தேடுகிறேன், தேடினால் பொழுது போகும். அவருக்கு மழை வாசனை பிடிக்கும், தும்மல் வரும், வந்தால் ஏழு தும்மல், எங்கள் தெரு முழுக்கக் கேட்கும், ஐயோ, தும்மக் கூடாதே இப்போது.

முழுப் படம் கேட்கலாம். விதியெல்லாம் தள்ளி வை, மாறியதோ மாறாததோ கண்ணில் இருக்கிற அத்தனையையும் இப்போதே அனுப்பு என்று ஏழுக்குக் கட்டளை போடலாம், பதினோரு நிமிஷம் ஆகும், ஏழின் பேட்டரியில் என்ன மிச்சம் என்று பார்க்கிறேன், கடைசிக் கோட்டுக்கு மயிரிழை மேலே நிற்கிறது, பதினோரு நிமிஷம் ரேடியோ பேசினால் செத்துவிடும், படம் பாதியில் நிற்கும், அதற்குப் பிறகு பூஜ்யம்கூட வராது. ரிவ்யூ நினைவு வருகிறது, வந்ததற்காக என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. சாகட்டும். ஆனால் சாவதற்கு முன்னால் எதைச் சொல்லிவிட்டுச் சாகும்? அதுதான் கேள்வி, முதலில் எது, அடுத்து எது, என் விதிப்படி எல்லாக் கட்டத்துக்கும் முதலில் ஒரு சராசரிச் சாம்பல், பிறகு பெரிய உருவம் எதுவோ அதற்கு நுணுக்கம், ஏனென்றால் நாங்கள் தேடுவது யானை, பெரிய கறுப்பு உருவம் கண்டால் அதைத் துல்லியமாக அனுப்பு, சுற்றியிருப்பது மங்கினால் பரவாயில்லை என்று நான்தான் எழுதினேன், தீஸிஸில் அந்த அத்தியாயத்துக்குத் தலைப்புகூட வைத்திருக்கிறேன், அக்கறைப் பகுதி. என் அக்கறைப் பகுதி எங்கே நிற்கிறது தெரியுமா கைடு சார், ஆறே ஆறு கட்டத்தில். டைப் செய்கிறேன், வரிசை ஒன்பது, பத்தி ஆறு, விரல் தப்பான எண்ணில் விழுகிறது, அழிக்கிறேன், வரிசை ஒன்பது, பத்தி ஏழு, பிறகு இருளாண்டி, அவர் வீட்டிலும் ஒருத்தி அடுப்படியில் நின்றுகொண்டிருப்பாள், அவளுக்கு இந்தத் திரைகூடக் கிடையாது, அவருடைய கட்டங்களையும் சேர்க்கிறேன், யானையை விட்டுவிடுகிறேன், யானை மங்கலாகவே இருக்கட்டும். அனுப்பு. பத்து இருபத்தேழு.

முதல் பதினாறு கட்டம் வந்துவிட்டது, மேல் வரிசை, வானம், வெளிறல். அடுத்த வரிசை, மர உச்சி. ஒவ்வொரு கட்டமும் ஒரு சாம்பல், அதில் அறுபத்து நாலு புள்ளியின் சண்டையையும் கூட்டி வகுத்து ஒரே சாம்பலாக ஆக்கி அனுப்புகிறது, அந்தச் சாம்பலுக்குள் இலை இருக்கிறது, எறும்பு இருக்கிறது, எல்லாம் சமாதானமாகிக் கிடக்கிறது. வருகிறது, வருகிறது, கல்யாணத்தன்று இரவு அவர் எனக்குச் சொன்ன முதல் வாக்கியம் நினைவு வருகிறது, "உங்களுக்கு மேல படிக்கோணும்னா படிங்க," நீங்க என்றார், அந்த ஒரு ராத்திரிதான், மறுநாளிலிருந்து வா புள்ள போ புள்ள, ஆனால் படிங்க என்றது படிங்கதான், எம்.இ. எழுதப் போனபோது பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு பரீட்சை ஹால் வாசலில் நின்றார், காக்கிச் சட்டையோடு, வாட்ச்மேன் என்று நினைத்து ஒரு பையன் அவரிடம் செருப்பை விட்டுவிட்டுப் போனான், அவர் பார்த்துக்கொண்டும் இருந்தார், கடைசி மணி அடித்ததும் அந்தப் பையனுக்கு எடுத்துக் கொடுத்தார். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, வெட்கமாக இருந்தது அப்போது, இப்போது அந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது. எட்டாவது வரிசை. வலது பக்கக் கறுப்பு ஒன்பது இல்லை, பதினேழு. வந்திருக்கிறது, கிட்டே வந்திருக்கிறது, அதற்குக் கீழே தனியாக இரண்டு கட்டம் கறுப்பு, அது கல் இல்லை, அங்கே கல் கிடையாது, குட்டி. "கர்த்தாவே" என்கிறார் சிஸ்டர், குட்டி என்று நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. ஒன்பதாவது வரிசை, பத்தி ஆறு, ஏழு. சாம்பல். சுற்றிலும் இருக்கிற சாம்பலைவிட ஒரு பொடி கறுப்பு. அது ஒரு ஆளா, ஆள் நின்ற இடத்தின் ஞாபகமா.

கடைசி வரிசையும் வந்தபோது பத்து முப்பத்திரண்டு, பேட்டரி கோட்டின் மேலேயே நிற்கிறது, நுணுக்கம் ஆரம்பிக்கிறது, நான் குறித்துக்கொடுத்த கட்டங்கள் மட்டும், மேல் இடது கட்டம் நான்காகப் பிளக்கிறது, நாலும் பதினாறாகப் பிளக்கிறது, ஏதோ ஒரு வளைவு, துண்டுக் கட்டு, துண்டு அவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றால் தலை அவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அடுத்த கட்டம், அதற்கடுத்தது, சிஸ்டருக்கு இன்னும் சிமெண்ட் தரைதான், எனக்கு இப்போதே தெரிந்துவிட்டது, இடது தோள் வலது தோளைவிட இரண்டு விரல் இறங்கியிருக்கிறது, இருபத்தாறு வருஷம் கியர் போட்டுப் போட்டு இறங்கின தோள், டெய்லர் ஒவ்வொரு தீபாவளிக்கும் "அண்ணன நேரா நிக்கச் சொல்லுங்க" என்பார், அவர் நேராகத்தான் நிற்கிறார் என்பேன் நான், எடையை ஒரு காலில் போட்டு, மற்றதைக் கொஞ்சம் மடக்கி, பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் சீட்டு எழுதுகிற வரைக்கும் நிற்கிற அதே நிற்பு. நிற்கிறார். "சிஸ்டர், நிக்கறாருங்க." "எங்க டீச்சர்?" "இதா." அந்தப் பக்கத்தில் இருளாண்டி குந்தியிருக்கிறார், பிளந்த கட்டங்களில் முழங்கால் இரண்டும் தெரிகின்றன. சிஸ்டர் என் தோளைப் பிடிக்கிறார், பிடித்தபடியே, "எனக்குத் தெரியலதான், ஆனா நீங்க சொன்னா சரி" என்கிறார். அடுத்த கட்டம் பாதி பிளந்து நிற்கிறது. நிற்கிறது. காத்திருக்கிறேன். ஏழு பேசவில்லை. பத்து முப்பத்தைந்துக்கு ஐந்தாம் நம்பர் கோள் சொல்வதுபோலச் சொல்கிறது, ஏழு இல்லை.

இனி ஒன்றும் வராது. பத்து இருபத்தேழுக்கு நின்றார் என்று மட்டும் தெரியும், அதற்குப் பிறகு உலகத்தில் எல்லாப் பெண்களுக்கும் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் எனக்கும். எழுந்து நொண்டிக்கொண்டே வாசல்வரைக்கும் போகிறேன், சிஸ்டர் "கால ஊனாதீங்க" என்கிறார், ஊன்றுகிறேன், வலிக்கிறது, வலிப்பது நன்றாக இருக்கிறது. பனிக்குள் தேயிலை, பனிக்குள் சவுக்கு மரம், எங்கேயோ இருவாட்சி ஒன்று சிறகடித்துப் போகிறது, மூச்சு வாங்குகிற இன்ஜின் மாதிரி சத்தம், பறவை தெரியவில்லை. யானை பிளிறினால் மூன்று கிலோமீட்டர் கேட்குமா, கேட்கும், இந்தப் பள்ளத்தாக்கில் கேட்கும், கேட்கவில்லை, ஆனால் தாக்குகிற யானை பிளிற வேண்டும் என்று யார் சொன்னார்கள். போன மாசம் அவரிடம் எரிந்து விழுந்தேன், ரசத்தில் உப்பில்லை என்று அவர் சொல்லவில்லை, சொல்லாமல் சாப்பிட்டதற்கு, "வாயத் தொறந்து சொன்னா என்ன கொறஞ்சா போயிருவீங்க?" என்றேன். "உனக்கே தெரியும்னு நெனச்சேன்" என்றார். எனக்கே தெரியும் என்று நினைத்து அவர் அனுப்பாமல் விட்டது என்னென்ன, எனக்கே தெரியும் என்று நினைத்து நான் பார்க்காமல் விட்டது என்னென்ன, அளவை முப்பதுக்கு ஏற்றினால் ஒரு மனுஷனைக்கூடச் சுவரோடு சேர்த்துவிட முடிகிறது, முடி நரைத்ததை எப்போது பார்த்தேன், போன வருஷம், ஆனால் ஒரே நாளிலா நரைத்திருக்கும். பதினொன்று. பதினொன்று ஐந்து. எஸ்டேட் ரோட்டில் ஜீப் சத்தம் இன்னும் இல்லை. "டீச்சர்," உள்ளேயிருந்து சிஸ்டர், "டீச்சர், ஏதோ எழுத்து வருது, வந்து பாருங்க."

ஏழு, வணக்கம். பெட்டிக்கு முதல்முதலாக உயிர் வரும்போது சொல்வதற்கு நான் வைத்த வார்த்தை, இரண்டு வருஷத்துக்கு முன்னால் விளையாட்டாக வைத்தது. பேட்டரி மாறியிருக்கிறது. யானை பேட்டரி மாற்றாது. யானைக்குச் சிவப்பு ஒயர் கறுப்பு ஒயர் தெரியாது. நான் சிரிக்கிறேன் என்று சிஸ்டரின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். உயிர் வந்த பெட்டிக்கு ஒப்பிட்டுப் பார்க்க முந்தின படம் ஒன்றும் கிடையாது, அதனால் எல்லாமே அதற்குப் புதுசு, இருநூற்று ஐம்பத்தாறு கட்டத்தையும் நுணுக்கத்தோடு அனுப்ப ஆரம்பிக்கிறது, வரிசை வரிசையாக வருகிறது, வானத்தைக் காணோம், ஓடையைக் காணோம், ஏதோ பெரிய வெளிச்சமும் இருட்டுமாகத் திரை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு பொருள், பெட்டிக்கு முன்னால் யானை முகத்தைக் கொண்டுவந்து வைக்கிறதா, அவர் கையில் பெட்டி, பின்னால் யானை, இல்லை, நடுவில் குறுக்காக ஒரு கறுப்புப் பட்டை, நான்கு கட்டம் நீளம், அது பிளக்கிறது, மறுபடி பிளக்கிறது, மீசை. மீசைக்கு மேலே மூக்கு, இரண்டு கண்ணும் ஒன்றை நோக்கி ஒன்று கூடி, பெட்டிக்குள் லைட் எரிகிறதா இல்லையா என்று லென்ஸுக்குள்ளேயே எட்டிப் பார்க்கிறார், வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது, முன்பல் ஒன்று ஓரத்தில் உடைந்திருப்பதுகூட வருகிறது, புருவத்தில் தண்ணீர் வருகிறது, நரை வருகிறது, ஒவ்வொன்றாக. இதெல்லாம் வீண் செலவு, ஒரு பட்டனை அழுத்தினால் பாதியில் நிறுத்திவிடலாம், புது பேட்டரியில் ஒரு மாசத் தீனியை இந்த ஒரு படம் தின்றுவிடும். பட்டன்மேல் விரலை வைக்கவே இல்லை. பதினோரு நிமிஷமும் உட்கார்ந்து பார்த்தேன், கடைசிப் புள்ளி வரைக்கும். சிஸ்டர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, "இப்பத் தெரியுது" என்றார், "இவரு கொஞ்சம் தள்ளி நின்னு பார்த்தா என்ன?"

பன்னிரண்டேகாலுக்கு இரண்டு பேரும் வந்தார்கள், ஃபாரஸ்ட் ஜீப்பிலேயே, பாதி வழியில் ஏற்றிக்கொண்டார்களாம். அவர் வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது, இரண்டு கணுக்காலிலும் அட்டை கடித்து ரத்தம் ஒழுகியது, மூக்குப்பொடி சட்டைப்பையிலேயே இருந்தது. படியில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், ரொம்பக் கிட்டே, எல்லோரும் இருக்கிறார்கள் என்பதுகூடப் பிறகுதான் ஞாபகம் வந்தது. "என்ன புள்ள, கால ஊனிட்டு வர்ற?" என்றார். "பொம்பள ஆனைங்க, கைக்குட்டியோட," என்று சொன்னது இருளாண்டி, சிஸ்டரிடம், "சுத்தமாப் பாதைய மறிச்சு நின்னுருச்சு. அசையாதீங்க சார்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். நான் குந்திட்டேன், இவரு நின்னாரு பாருங்க, கண்ணக்கூட மூடல, தும்மல் வந்திருக்கு, மூஞ்சி செவக்க அடக்கிட்டு நிக்கிறாரு. அது மேஞ்சு முடிச்சுக் குட்டியத் தள்ளிக்கிட்டு மேல ஏறிப் போயிருச்சு." நான் அவர் கையைப் பிடித்தேன், கட்டைவிரலில் ஒயர் கீறின காயம். "அவ்வளவு நேரம் எப்படீங்க மாமா அசையாம நின்னீங்க?" என்று கேட்டேன். அவர் ஆஸ்பத்திரிக் கதவு வழியாக உள்ளே லேப்டாப் இருந்த திசையைப் பார்த்தார், கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. "ஆனைக்குப் பயம்தான். அதுவுமில்லாம நீ இங்க படம் பாத்துட்டு இருப்பயல்ல. நான் பாட்டுக்கு அசைஞ்சு கிசைஞ்சு, உன்ற படம் கெட்டுப் போச்சுன்னா?" இருபது மாசமாகச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் இந்த மனுஷனுக்கு நான் விளக்கியிருக்கிறேன், எது அசைகிறதோ அதைத்தான் அனுப்பும், அசையாததை விட்டுவிடும் என்று, ஒவ்வொரு தடவையும் "சரி சரி" என்று தலையாட்டியிருக்கிறார். "கெடலீங்க," என்றேன், "படத்துல நல்லா விழுந்திருக்கீங்க."